நேரம் பார்க்க அல்ல, நேர்த்தி பார்க்க!

1923 செப்டம்பர் 1, நண்பகல். கான்டோ நிலநடுக்கம் டோக்கியோவை உலுக்கிப்போட்டது. தொடர்ந்து மூண்ட தீ, நகரின் பெரும்பகுதியை விழுங்கியது. ஹட்டோரி கின்டாரோவின் கடிகாரத் தொழிற்சாலையும் அதற்குத் தப்பவில்லை. 1881-ல், 21 வயதில் சின்னக் கடை ஒன்றில் தொழிலைத் தொடங்கி, 1892-ல் சொந்தத் தொழிற்சாலை கண்டு, 1913-ல் ஜப்பானின் முதல் கைக்கடிகாரமான ‘லாரல்’ வரை வந்திருந்த மனிதர் அவர். அறுபதைக் கடந்த வயதில் எல்லாம் சாம்பலாகிக் கிடப்பதைப் பார்க்க நேர்ந்தது.

எரிந்தது அவருடைய சொத்து மட்டுமா? பழுதுபார்ப்பதற்காக வாடிக்கையாளர்கள் கொடுத்து வைத்திருந்த ஏறக்குறைய 1,500 கடிகாரங்களும் சேர்ந்தே எரிந்துபோயின. இயற்கைச் சீற்றம் என்று அவர் கைவிரித்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஹட்டோரி பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுத்தார்: பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் வரலாம், பழையதற்கு ஈடாகப் புதியது தரப்படும். சொன்னபடியே தந்தார். அடுத்த ஆண்டு, 1924-ல், அவருடைய நிறுவனத்தின் கைக்கடிகார டயலில் முதன்முறையாக ஒரு பெயர் ஏறியது: சீகோ.

ஜப்பானியக் கைக்கடிகாரங்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். நேரம் தெரிந்துகொள்ள யாருக்கும் கடிகாரம் தேவைப்படாத காலம் இது. சட்டைப்பையில் இருக்கும் செல்போன் நொடி பிசகாமல் நேரம் சொல்லிவிடுகிறது. ஊருக்கு நம் வசதியைக் காட்ட வேண்டும் என்றால் அதற்குத் தெருமுனையிலிருந்தே அடையாளம் தெரியும் சுவிஸ் கடிகாரங்கள் இருக்கின்றன. பிறகு ஏன் ஜப்பானியக் கடிகாரம்? யாரும் சரிபார்க்க வராத இடத்திலும் வேலையைச் சுத்தமாகச் செய்கிற குணத்தை அதில் பார்க்க முடிகிறது. ஒருமுறை அதைக் கண்டுகொண்டவர்களால் பிறகு கண்ணை எடுக்க முடிவதில்லை.

ஒரே வீட்டில் இரண்டு போட்டியாளர்கள்

சீகோவின் பொற்காலத்தை உருவாக்கியது வெளியாரின் போட்டியைவிட உள்வீட்டுப் போட்டிதான். அந்தக் குழுமத்துக்குக் கைக்கடிகாரம் செய்ய இரண்டு நிறுவனங்கள் இருந்தன. ஒன்று, டோக்கியோவின் கமேய்டோ பகுதியில் இருந்த தாய்னி செய்கோஷா. மற்றொன்று, நாகானோ மலைநாட்டில் சுவா ஏரிக்கரையில் இருந்த சுவா செய்கோஷா. சுவாவின் கதை 1942-ல், மிசோ சேமித்து வைக்கும் கிடங்கு ஒன்றைச் சீரமைத்துத் தொடங்கிய சின்னப் பட்டறையிலிருந்து வருகிறது. இன்று எப்சன் என்று நாம் அறிந்த நிறுவனத்தின் வேரும் அதுவே.

1960-ல் சுவா, ‘கிராண்ட் சீகோ’வை வெளியிட்டது. சுவிட்சர்லாந்தின் மிகச் சிறந்த கடிகாரங்களோடு தோள் தட்டி நிற்கக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே இலக்கு. விலை 25,000 யென். அன்றைய பட்டதாரி ஒருவரின் தொடக்கச் சம்பளத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தாய்னி சும்மா இருக்குமா? அடுத்த ஆண்டே ‘கிங் சீகோ’வை இறக்கியது. இரண்டு தொழிற்சாலைகளும் தனித்தனி இயந்திரங்கள், தனித்தனி கேஸ்கள் (வெளிக்கூடுகள்), தனித்தனி வடிவமைப்புகள் என்று ஒன்றை ஒன்று முந்தின. அந்தப் பத்தாண்டுகளின் கிராண்ட் சீகோவையும் கிங் சீகோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சேகரிப்பாளர்களுக்குத் தீராத விருந்து. ‘நீங்க சுவா பக்கமா, தாய்னி பக்கமா?’ என்ற கேள்வியில் தொடங்கும் பேச்சு விடிய விடிய நீளும்.

உள்வீட்டுப் போட்டி போதாதென்று இருவரும் சுவிஸ் மண்ணுக்கே போனார்கள். நூஷடெல் வானாய்வகம் ஆண்டுதோறும் நடத்திய துல்லியப் போட்டியில் 1964-ல் கலந்துகொண்டபோது, கைக்கடிகாரப் பிரிவில் அவர்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடம் 144. வேறு யாராவதாக இருந்தால் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் திரும்பிவந்து சமநிலைச் சக்கரத்தையும் மயிரிழைச் சுருளையும் மறுபடி மறுபடி ஆராய்ந்தார்கள். 1967-ல் அதே நூஷடெல்லில் நிறுவனங்களுக்கான தரவரிசையில் இரண்டாம், மூன்றாம் இடங்கள் இவர்களுக்கு. 1968-ல் ஜெனீவா வானாய்வகப் போட்டியில் முதல் மூன்று இடங்களை பேட்டரியில் ஓடும் சுவிஸ் குவார்ட்ஸ் சோதனை இயந்திரங்கள் எடுத்துக்கொள்ள, 4 முதல் 10 வரை எல்லா இடங்களிலும் சீகோ. ஸ்பிரிங்கில் ஓடும் கைக்கடிகாரங்களை மட்டும் கணக்கில் எடுத்தால், முதலிடம் ஜப்பானுக்கு. 144-லிருந்து அந்த இடத்துக்கு வர எடுத்துக்கொண்டது நான்கே ஆண்டுகள்.

வெளிச்சத்துக்கு ஒரு இலக்கணம்

உள்ளே இயந்திரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் சுவிஸ் கடிகாரம் ஜொலிக்கிறது, பக்கத்தில் சீகோ மங்கித் தெரிகிறது. 1960-களின் தொடக்கத்தில் டோக்கியோவின் கின்ஸா வீதிக் கடையில் இதைக் கவனித்து மனம் குமைந்தவர் தனாகா தாரோ என்ற இளம் வடிவமைப்பாளர். ஏன் மங்குகிறது என்று அவர் ஆராய்ந்தார். கேஸின் பரப்புகள் உருண்டு, நெளிந்து இருந்தன. விழும் வெளிச்சம் சிதறிப்போனது. பரப்புகள் தட்டையாக இருக்க வேண்டும். அவை சந்திக்கும் ஓரங்கள் கத்திபோல் கூராக இருக்க வேண்டும். எந்தப் பரப்பிலும் பிம்பம் நெளியக் கூடாது. இப்படி அவர் வகுத்த விதிகள் முழு வடிவம் பெற்று வந்த முதல் கடிகாரம், 1967-ன் 44ஜிஎஸ். இன்று வரும் கிராண்ட் சீகோக்களில் பலவும் அந்த இலக்கணத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கையில் எடுத்துப் பார்ப்பது மேல். 44ஜிஎஸ் வடிவத்தில் வந்த ஒரு கடிகாரத்தை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெல்லத் திருப்புங்கள். கேஸின் பக்கவாட்டுப் பரப்பு முதலில் கறுப்பாகத் தெரியும். இன்னும் சற்றுத் திருப்பினால் அதே பரப்பு ஒரே நொடியில் முழுவதும் வெள்ளையாகும். பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்று வழிந்து மாறாது. ஜன்னல் கம்பியின் பிம்பம் அதில் விழுந்தால், கம்பி நேராகவே தெரியும். எங்கேயும் வளைந்து நெளியாது. அதற்குக் காரணம் ‘ஸராட்சு’ என்ற பாலிஷ் முறை. சுழலும் உலோகத் தட்டின் தட்டையான முகத்தில் கேஸைக் கையாலேயே அழுத்தித் தேய்க்கிறார்கள். கோணமும் அழுத்தமும் கைப்பழக்கத்தில் வருபவை. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் ஓரம் மழுங்கிவிடும். கொஞ்சம் குறைத்தால் பிம்பம் நெளியும். இந்த வேலை படிய ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும்.

பிறகு முட்களைப் பாருங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மணி முள்ளின் நடுமுகடும் இரு சரிவுகளும் தனித்தனியாகத் தெரியும். மணிக்குறி ஒவ்வொன்றும் பல முகங்கள் கொண்ட குட்டி உலோகக் கட்டி. அரையிருட்டு அறையில், ஒரு மூலையில் மட்டும் விளக்கு எரிந்தால்கூட ஏதோ ஒரு முகம் அந்த வெளிச்சத்தைப் பிடித்து உங்கள் கண்ணுக்கு அனுப்பிவிடும். அழகுக்காகச் செய்ததாகத் தோன்றுவது, இருட்டிலும் மணி தெரிய வேண்டும் என்ற பயனுக்கும் சேர்த்தே செய்தது.

புயலைக் கிளப்பியவர்களே விளக்கையும் காத்தார்கள்

1969 டிசம்பர் 25 அன்று சீகோ வெளியிட்ட ‘குவார்ட்ஸ் அஸ்ட்ரான்’, உலகக் கடிகாரத் தொழிலின் தலையெழுத்தை மாற்றியது. கடைக்கு வந்த உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அது. மாதத்துக்கு 5 நொடிதான் முன்பின்னாகும். விலை 4,50,000 யென். அந்தப் பணத்துக்கு அன்று ஒரு சின்னக் கார் வாங்கலாம். சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் விலை மளமளவென்று இறங்கியது. 1970-ல் ஏறக்குறைய 90,000 பேருக்கு வேலை தந்த சுவிஸ் கடிகாரத் தொழில், 1980-களில் 30,000 பேர் அளவுக்குச் சுருங்கியது. ஜப்பானிலும் கையால் சரிசெய்யும் மெக்கானிக்கல் கடிகாரங்களுக்கு மவுசு போனது. 1970-களின் நடுவில் கிராண்ட் சீகோவே நின்றுபோனது.

மற்றவர்கள் குவார்ட்ஸை மலிவாக்குவதில் இறங்கியபோது, ஜப்பானில் சிலர் அதை உயர்த்துவதில் இறங்கினார்கள். 1988-ல் கிராண்ட் சீகோ என்ற பெயர் திரும்பி வந்தது; வந்தது குவார்ட்ஸ் கடிகாரமாகத்தான். 1993-ல் வந்த 9எஃப் இயந்திரத்தைச் சேகரிப்பாளர்கள் பயபக்தியோடு பேசுவார்கள். ஆண்டுக்கு 10 நொடிக்குள் நிற்கும் துல்லியம் ஒரு பக்கம், முட்கள் மறுபக்கம். பேட்டரி மோட்டாருக்கு வலு குறைவு என்பதால் குவார்ட்ஸ் கடிகாரங்களில் வழக்கமாக மெல்லிய, எடையில்லாத முட்களைத்தான் பொருத்துவார்கள். 9எஃப்பில் மோட்டார் ஒரு நொடிக்கு இரண்டு முறை தள்ளுகிறது. கண்ணுக்கு அது ஒரே நகர்வாகத்தான் தெரியும். அதனால் கனமான, பட்டை தீட்டிய முட்களையும் அது சுமக்கிறது. நொடி முள் ஒவ்வொரு கோட்டிலும் வந்து நிற்கும்போது துளி நடுக்கம் இருக்கக் கூடாது என்பதற்காக, ஒரு மயிரிழைச் சுருளை வைத்துப் பற்களுக்கு இடையிலான இடைவெளித் தள்ளாட்டத்தைப் போக்கியிருக்கிறார்கள். பேட்டரி கடிகாரம் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் நொடி முள்ளின் நடுக்கத்தைக் கவனிப்பார்கள்? கவனிக்கிற அந்தச் சிலருக்காகவே இந்த மெனக்கெடல்.

துல்லியப் பந்தயத்தில் மற்றொரு ஜப்பானிய நிறுவனமான சிட்டிசனும் சளைத்ததில்லை. 1975-ல் வந்த அதன் ‘கிறிஸ்ட்ரான் மெகா’ ஆண்டுக்கு 3 நொடி என்ற எல்லையைத் தொட்டது. 2019-ல் வந்த ‘காலிபர் 0100’ ஆண்டுக்கு ஒரே ஒரு நொடிதான் பிசகும். வானொலி அலையோ செயற்கைக்கோளோ அதைத் திருத்துவதில்லை. கையில் கட்டியிருக்கும் அந்தச் சின்ன உலோகப் பெட்டி தானாகவே அப்படி ஓடுகிறது. பேட்டரியும் மாற்ற வேண்டாம், வெளிச்சம் போதும். இதற்கு நடைமுறையில் ஒரு தேவையும் இல்லை. செய்து பார்த்துவிட வேண்டும் என்ற வைராக்கியம் மட்டும்தான் இருந்தது. அந்த வைராக்கியத்தைத்தான் சேகரிப்பாளர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இன்னொரு பக்கம், கைவிட்டுப்போன பழைய கலையையும் மீட்டார்கள். 1998-ல் 9எஸ் என்ற மெக்கானிக்கல் இயந்திரத்தோடு கிராண்ட் சீகோ மறுபடியும் ஸ்பிரிங்குக்குத் திரும்பியது. ஒவ்வொரு இயந்திரத்தையும் 6 நிலைகளில், 3 வெப்பநிலைகளில், 17 நாட்கள் சோதிக்கிறார்கள். சுவிஸ் குரோனோமீட்டர் சோதனை 5 நிலை, 15 நாள். கூடுதலாக இருக்கும் அந்த ஒரு நிலை எது தெரியுமா? கழற்றிப் பெட்டிக்குள் வைக்கும்போது 12 மேலே பார்க்க நிற்கிற நிலை. கையில் கட்டாமல் இருக்கும்போதும் அது சரியாக ஓட வேண்டுமாம்!

சரிவில் பிரேக் பிடித்த சைக்கிள்

ஜப்பானியக் கடிகாரங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுங்கள் என்றால், இந்தக் கட்டுரையாளர் தயங்காமல் எடுப்பது ஸ்பிரிங் டிரைவ். 1977-ல் சுவாவின் இளம் பொறியாளர் அகாஹானே யோஷிகாஸுவுக்கு ஒரு யோசனை உதித்தது. கீ கொடுத்து ஓடும் கடிகாரம், ஆனால் குவார்ட்ஸ் துல்லியம். சைக்கிளில் சரிவில் இறங்கும்போது பிரேக்கை இலேசாகப் பிடித்துப் பிடித்து வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அதைக் கடிகாரத்துக்குள் செய்ய முடியுமா என்று அவர் கேட்டார்.

முடியும் என்று காட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மெயின் ஸ்பிரிங் அவிழும்போது பற்சக்கரங்கள் சுழல்கின்றன. அந்தச் சங்கிலியின் கடைசியில் ஒரு சின்னச் சக்கரம் நொடிக்கு 8 முறை சுற்றி, கண்ணுக்குத் தெரியாத அளவு மின்சாரத்தைத் தருகிறது. அந்த மின்சாரத்தில் குவார்ட்ஸ் படிகமும் ஒரு சின்ன மின்னணுச் சில்லும் உயிர் பெறுகின்றன. சக்கரம் வேகமாகச் சுற்றினால், சில்லு காந்தப் பிரேக் போட்டு மட்டுப்படுத்துகிறது. பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை, டிக் டிக் என்று தட்டும் பாகமும் இல்லை. மிகக் குறைந்த மின்சாரத்தில் சில்லை இயக்குவதுதான் பெரும் தடையாக இருந்தது. 600-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்தார்கள். 1999-ல் கடிகாரம் கடைக்கு வந்தது. அகாஹானே 1998-லேயே காலமாகிவிட்டார். 2004-ல் அது கிராண்ட் சீகோவுக்குள் நுழைந்தது: தானாகவே முறுக்கேறும், 72 மணி நேரம் நிற்காமல் ஓடும், மாதத்துக்கு 15 நொடிதான் முன்பின்னாகும்.

எண்களைவிட முள் பேசும். குவார்ட்ஸ் கடிகாரத்தில் நொடி முள் தாவும். மெக்கானிக்கலில் சின்னச் சின்னதாகத் துடிக்கும். ஸ்பிரிங் டிரைவில் முள் வழுக்கிக்கொண்டே போகிறது. எங்கேயும் நிற்பதில்லை, சத்தமும் இல்லை. நேரம் என்பது துண்டு துண்டாக வருவதில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வைத்த கைக்கடிகாரம் இதுதான். பார்க்கத் தொடங்கினால் ஒரு நிமிடம் போனதே தெரியாது.

பனியும் மரப்பட்டையும் காகிதமும்

ஸ்பிரிங் டிரைவ் பிறக்கும் ஷியோஜிரி பட்டறையைச் சுற்றி மலைகள். குளிர்காலத்தில் காற்று வருடிப்போன பனிப்பரப்பின் மெல்லிய அலைகளைத்தான் ‘ஸ்னோஃப்ளேக்’ என்று சேகரிப்பாளர்கள் செல்லமாக அழைக்கும் டயலில் கொண்டுவந்திருக்கிறார்கள். பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளை. ஆனால் அதில் வெள்ளைப் பெயின்ட் கிடையாது. மேடுபள்ளம் பதித்த தகட்டில் வெள்ளி முலாம் பூசி, அதில் ஒளி சிதறுவதாலேயே அந்த வெண்மையை வரவழைக்கிறார்கள். அதன் மேல் நீல நிற நொடி முள் ஊர்ந்து போகிறது.

மெக்கானிக்கல் கடிகாரங்கள் வடக்கே, இவாதே மாவட்டத்தின் ஷிசுகுஇஷியில் தயாராகின்றன. 2020-ல் திறந்த புதிய பட்டறையைக் கட்டடக் கலைஞர் கும கெங்கோ மரத்தால் வடிவமைத்தார். அந்த வட்டாரத்து வெண்பிர்ச் மரப்பட்டையின் கோடுகளை டயலில் வடித்த கடிகாரம், 2021-ல் ஜெனீவாவில் வழங்கப்படும் கடிகாரத் துறையின் பெருவிருதில் ஆண்கள் கடிகாரப் பிரிவை வென்றது. 1960-களில் துல்லியத்துக்காகப் போட்டியிட்ட அதே நகரில் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அழகுக்கும் அங்கீகாரம்.

சிட்டிசனின் உயர் வரிசையில் இன்னொரு அதிசயம்: தோசா வட்டாரத்துக் கைக்காகித டயல். வெளிச்சத்தில் ஓடும் கடிகாரத்துக்கு டயலுக்கு அடியில் சூரிய மின்தகடு வேண்டும். அதற்கு மேலிருக்கும் டயல் ஒளியை உள்ளே விட வேண்டும். மின்தகட்டின் கறுப்பு வெளியே தெரியவும் கூடாது. மரநாரில் செய்த மெல்லிய ஜப்பானியக் காகிதம் இரண்டையும் செய்கிறது. ஜப்பானிய வீடுகளின் காகிதக் கதவுகளில் ஒளி வடிந்து வருவதை நூற்றாண்டுகளாகப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் இது தோன்றும். சீகோவின் பிரசாஜ் வரிசையில் அரிதா பீங்கான், அரக்குப் பூச்சு, எனாமல் டயல்கள் வருகின்றன. ஒரு பீங்கான் ஊரின் சூளையும் ஒரு அரக்குக் கலைஞரின் தூரிகையும் கடிகாரத்தின் வழியாக இன்னொரு தலைமுறைக்குப் பிழைக்கின்றன.

சாமானியரின் மணிக்கட்டிலும் அதே அக்கறை

இதுவரை சொன்னவற்றில் பல லட்சக்கணக்கில் விலை போகிறவை. ஆனால் ஜப்பானியக் கடிகாரச் சேகரிப்பின் பெரிய வசீகரம், சில ஆயிரம் ரூபாயிலேயே அந்த உலகத்துக்குள் நுழைய முடிவதுதான். அந்தக் கதவின் பெயர் சீகோ ஃபைவ்.

1963-ல் பிறந்த இந்த வரிசை ஐந்து வாக்குறுதிகள் தந்தது: தானாக முறுக்கேறும் இயந்திரம், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில், தண்ணீரைத் தாங்கும் திறன், மணிக்கட்டில் உறுத்தாதபடி 4 மணிப் பக்கத்தில் ஒதுங்கிய கீ, எளிதில் உடையாத கேஸும் செயினும். அதன் உள்ளே, கை எந்தப் பக்கம் அசைந்தாலும் ஸ்பிரிங்கை முறுக்கும் ‘மேஜிக் லீவர்’ என்ற எளிய கவைக்கம்பி. குறைந்த பாகங்கள், குறைந்த தேய்மானம். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பிய நம்மவர்கள் பெட்டியில் செண்ட் பாட்டிலோடு சீகோ ஃபைவையும் கொண்டுவந்த காலம் ஒன்று உண்டு. கிழமை ஜன்னலில் அரபி எழுத்து தெரியும் கடிகாரம் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், அது எந்த நாட்டுச் சம்பாத்தியத்தில் வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

ஜப்பானோடு நமக்கு இன்னொரு உறவும் இருக்கிறது. 1961-ல் பெங்களூரில் எச்எம்டி கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது சிட்டிசனின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடுதான். பத்தாம் வகுப்புத் தேறியதற்கும், கல்யாணத்துக்கும், முதல் வேலைக்கும் பரிசாக வந்த எச்எம்டிகளுக்குள் துடித்ததும் ஜப்பானிய வடிவமைப்பின் இதயம்தான். டோக்கியோ மேயராக இருந்த கோட்டோ ஷிம்பெய், எல்லாக் குடிமக்களின் கைக்கும் எட்ட வேண்டும் என்று வாழ்த்திச் சூட்டிய பெயர் சிட்டிசன். அது நம் ஊர்க் குடிமக்களின் கைக்கும் எட்டியது.

கேசியோவின் கதையும் இதே குணம் கொண்டதுதான். அப்பா தந்த கடிகாரம் கீழே விழுந்து சிதறியதைப் பார்த்த பொறியாளர் இபே கிகுஓ, விழுந்தாலும் உடையாத கடிகாரம் செய்யக் கிளம்பினார். அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கழிவறை ஜன்னலிலிருந்து மாதிரிகளைப் போட்டுப் போட்டு உடைத்தார். ஏறக்குறைய 200 மாதிரிகள். பூங்காவில் சிறுமி ஒருத்தி பந்தைத் தட்டுவதைப் பார்த்தபோது, பந்தின் நடுவில் இருக்கும் பொருளுக்கு அடிபடாது என்று பொறிதட்டியது. இயந்திரத்தைக் கேஸுக்குள் மிதக்கவிட்டார். 1983 ஏப்ரலில் ஜி-ஷாக் வந்தது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பது இலக்கு. 2017-க்குள் 10 கோடி ஜி-ஷாக்குகள் தொழிற்சாலையை விட்டுப் போயிருந்தன.

தனியாள் பட்டறைகள்

பெரிய நிறுவனங்களைத் தாண்டி, ஜப்பானில் தனி ஆட்கள் செய்யும் கடிகாரங்களும் சேகரிப்பாளர்களை ஈர்க்கின்றன. 1873-க்கு முன்பு ஜப்பானில் பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பிரித்தார்கள். கோடையில் பகல் நாழிகை நீளும், குளிர்காலத்தில் குறுகும். அதற்கு ஏற்றபடி மேல்நாட்டுக் கடிகாரத்தையே மாற்றி அமைத்தார்கள் அந்நாளைய கைவினைஞர்கள். இந்தக் கணக்கை ஒரு கைக்கடிகாரத்துக்குள் அடக்கியவர் கிகுனோ மசாஹிரோ. டயலில் மணிக்குறிகள் பருவத்துக்குத் தக்கபடி தாமாகவே நெருங்கியும் விலகியும் நகர்கின்றன. அசாஓகா ஹாஜிமே, டூர்பியான் என்ற நுணுக்கமான சுழல் பொறியமைப்பைத் தனியாளாகச் செய்து பேர் வாங்கியவர். கதயாமா ஜிரோ அடிப்படையில் பொருள் வடிவமைப்பாளர். கடிகாரக் கலையைத் தானாகவே கற்றவர். பழைய அளவுமானிகளின் முகத்தை நினைவூட்டும் அவருடைய ‘ஓட்சுகா லோடெக்’ கடிகாரம் 2024-ல் ஜெனீவா விருது மேடை ஏறியது.

வாங்கும் முன் கவனிக்க!

சேகரிக்கத் தொடங்க ஆசையா? பழைய சீகோ ஒன்றிலிருந்து தொடங்கலாம். கடிகாரத்தைத் திருப்பி, பின்மூடியைப் பாருங்கள். ‘6119’ போல நான்கு இலக்கம், ஒரு சிறு கோடு, பிறகு இன்னொரு நான்கு இலக்கம் இருக்கும். முதல் நான்கு, உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். அடுத்தது கேஸின் எண். அருகிலேயே ஆறு இலக்க வரிசை எண் இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு சுழியம், நவம்பருக்கு ‘என்’, டிசம்பருக்கு ‘டி’. 6119 இயந்திரம் கொண்ட கடிகாரத்தில் வரிசை எண் ‘2என்’ என்று தொடங்கினால், அது 1972 நவம்பரில் பிறந்தது. உங்களுடையதோ உங்கள் அப்பாவுடையதோ, எந்த மாதத்தில் பிறந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்து டயல். நம் ஊர்ச் சந்தையில் பழைய டயலுக்குப் புதுச் சாயம் அடித்து, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சிலும் பச்சையிலும் விற்பது அதிகம். அசல் டயலின் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கம் பின்மூடியோடு ஒத்துப்போக வேண்டும். எழுத்துகள் பிசிறடித்திருந்தாலோ, அந்தப் பொடி எண்ணே இல்லாமல் போயிருந்தாலோ கை எடுத்துவிடுங்கள். வெயில் பட்டு வெளுத்த, சற்று நிறம் மாறிய அசல் டயல், பளபளக்கும் புதுச் சாயத்தைவிடப் பல மடங்கு மேல்.

பழைய கிராண்ட் சீகோ, கிங் சீகோ வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கேஸின் ஓரங்களை. கீறல் இருக்கிறதே என்று யாராவது பாலிஷ் போட்டிருந்தால், தனாகா வகுத்த இலக்கணம் அங்கேயே அழிந்துபோயிருக்கும். கூர் ஓரத்தோடு நாலு கீறல் இருப்பது குறையில்லை. மழுங்கிய ஓரத்தோடு பளபளப்பதுதான் குறை. எவ்வளவு நல்ல கடிகாரமானாலும் பழையது என்றால் தண்ணீரில் நனைக்காதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்திருக்கும். லாபம் பார்க்க வாங்காதீர்கள். விலை ஏறும் இறங்கும், பார்த்து ரசிக்கும் சுகம் கூடிக்கொண்டே போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கடிகாரங்கள் ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஓடுவதற்குச் செய்தவர்கள் மட்டும் காரணமில்லை. தெருவோரம் ஒரு சின்ன மேசையும் கண்ணாடிப் பெட்டியுமாக உட்கார்ந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, காய்ந்த எண்ணெயைத் துடைத்துப் புதுச் சொட்டு வைத்தவர்களும் காரணம். சீகோ ஃபைவின் மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கும் கைகள் நம் ஊர்களில் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. பேட்டரி மாற்றுவதையும் ஸ்ட்ராப் விற்பதையும் வைத்தே அவர்கள் பிழைப்பை ஓட்ட வேண்டியிருக்கிறது. அடுத்த தலைமுறை அந்த மேசைக்கு வருவதில்லை.

எனவே, சேகரிப்பாளருக்கு ஒரு கடமை இருக்கிறது. நல்ல வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடிகாரத்தை முழு சர்வீஸுக்குக் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். உள்ளே என்ன செய்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் மகனையோ மகளையோ கூடவே கூட்டிப் போங்கள். யாரும் பார்க்காத இடத்திலும் நேர்த்தியாகச் செய்யும் குணத்தைத் தேடித்தான் ஜப்பானியக் கடிகாரத்திடம் போகிறோம். அதே குணம் நம் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும்போது, அதற்கு உரிய விலையை முதலில் அங்கே கொடுப்போம்.